லாரி வெளிய போச்சா?

மேசைமேல் ஒரு நீல டி-ஷர்ட் கிடக்கிறது. உறையைப் பிரித்ததும் மண்ணெண்ணெயும் புதுச் சாயமும் கலந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. நெஞ்சில் ‘நாங்க ரெடி’ என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, முதுகில் ஒரு ராக்கெட். அன்றைக்கு நமக்குக் கொடுத்தது ஆரஞ்சு, இன்றைக்கு நீலம். அதே வாசகம், அதே ராக்கெட். அந்த ராக்கெட் கூட இன்னும் கிளம்பவில்லை, புகை மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்துதான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் வந்துவிட்டார்களடி. உன் காலத்தில், ஆலைக் கணக்கு மொத்தத்தையும் ஒன்றாக ஓட்டப் போட்ட அந்த ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேருக்கு வயதாகிவிட்டதாம். அதைச் செய்து விற்ற கம்பெனியே, ‘இந்தப் பதிப்புக்கு இனிமேல் நாங்கள் பொறுப்பில்லை, புதுப் பதிப்புக்கு மாறுங்கள்’ என்று சொல்லிவிட்டதாம். நம் ஆலையில் அது இன்னும் ஒழுங்காக ஓடவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் அதற்கு முதுமை! கட்டி முடிக்காத வீட்டை இடித்துக் கட்டச் சொல்கிறார்கள். இடிக்கவும் அவர்களே வருவார்கள், கட்டவும் அவர்களே வருவார்கள், நாம் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கைதட்ட வேண்டும்.

நீ இருந்திருந்தால் இந்த நேரத்துக்கு என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரக்கு அனுப்பும் நம் டெஸ்பாட்ச் ஆபீஸ் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, கேட்டைப் பார்த்த ஜன்னலோடு. அரியலூர் சிமென்ட் தூசு அந்த ஜன்னல் கம்பியில் நாம் துடைக்கத் துடைக்கப் படியும். நான் குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் வந்து பஸ் மாறி அரியலூர் வந்து சேர்வதற்குள் தலையெல்லாம் செம்மண். நீ ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாய். உன் ஊரான மீன்சுருட்டியில் உன் அப்பா அம்மா அடுத்தவர் முந்திரிக் கொல்லையில் கொட்டை பொறுக்கினவர்கள். நீ கம்ப்யூட்டர் படித்து முடித்து இந்த ஆலையில் கணினிப் பிரிவுக்கு வந்தாய். அடக்கமெல்லாம் உன் பக்கத்தில் கூட வராது. வந்த முதல் வாரமே கேன்டீன் சாம்பார் சரியில்லை என்று ஃபேக்டரி மேனேஜருக்கு எழுதிப் போட்டவள் நீ. “படிச்சிருக்கேன்ல, எழுதறதுக்கு என்ன” என்றாய். எனக்குப் பயமாகவும் இருந்தது, உன்னைப் பிடித்தும் போனது.

அப்போது லாரி கணக்குக்கு நீயே ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக்கொண்டிருந்தாய். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. லாரி உள்ளே வந்தால் ஒரு பதிவு, எடை போட்டால் ஒன்று, மூட்டை ஏற்றிய பிறகு பில், கேட்டைத் தாண்டினால் கடைசியாக ஒன்று. அழகெல்லாம் ஒன்றும் இல்லை. சில நாள் படுத்துக்கொள்ளும். நீ அதை அடிக்காத குறையாகத் திட்டி எழுப்புவாய். அதைப்பற்றி உனக்கு ஒரு பெருமையும் கிடையாது. “இது ஒரு ஓட்ட வண்டிடி சுமதி. நல்ல வண்டி வந்தா இதத் தூக்கிப் போட்டுருவேன்” என்று சொல்லிக்கொண்டே இருப்பாய்.

இரண்டாயிரம் பிறக்கப் போகிறது, கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும், ஆலை நின்றுவிடும் என்று ஒருவர் வந்து பயமுறுத்தினாரே, நினைவிருக்கிறதா? கோட்டுப் போட்ட ஜோசியர் என்று நீ பெயர் வைத்தாய். அந்த வருடம் பிறந்தது. ஒன்றும் நிற்கவில்லை. ‘நாங்கள் வந்ததால்தான் நிற்கவில்லை’ என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் நீ முதல் தடவையாக இந்த வியாபாரத்தைப்பற்றி ஒன்று சொன்னாய்: “மொதல்ல நோயை விக்கறானுங்க, அப்புறம் மருந்து விக்கறானுங்க.” அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாய். அப்போது நமக்குச் சிரிப்பு வந்தது.

ஆனாலும் ஈ.ஆர்.பி. வருகிறது என்றதும் ஊரிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் நீதான். அதை நான் மறைக்கமாட்டேன். பெரிய ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து, சென்னையிலிருந்து வந்த கன்சல்டிங் கம்பெனியின் தலைவர் படம் போட்டுக் காட்டினார். அவரை அவர்கள் ‘பார்ட்னர்’ என்று கூப்பிட்டார்கள், யாருக்குப் பார்ட்னர் என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. உலகத்தில் சிறந்த ஆலைகள் எப்படி வேலை செய்கின்றனவோ அதெல்லாம் இந்த சாஃப்ட்வேருக்குள் இருக்கிறது, இனி நம் பழக்கத்தை விட்டுவிட்டு அதன் பழக்கத்துக்கு நாம் மாறிக்கொள்ள வேண்டும் என்றார். கடைசியாக ஒரு வாக்குக் கொடுத்தார். இனி நம் ஆலைக்குள் வரும் லாரி முன்பு நின்றதில் பாதி நேரம்கூட நிற்காது. ஆலைத் தலைவர் ஜி.எம். எழுந்து நின்று கைதட்டினார்.

டீ குடிக்கப் போனபோது நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றேன். “ஊருக்கு ஊர் ஒரே சட்டை தெக்கறானுங்கடி. ஒடம்ப வெட்டிக்கன்றானுங்க” என்றேன். நீ சண்டைக்கு வந்தாய். “உனக்கு எதப் பாத்தாலும் நொட்டம். லாரிக்காரன் ராப்பகலா கெடக்கறான்ல? ஒருத்தன் வந்து கொறைக்கறேங்கறான். கொறையட்டுமே!” நீ சொன்னது நியாயம்தான். டிரைவர்கள் கேட்டுக்குள் குளிக்க வழியில்லாமல் லாரி நிழலில் படுத்துக் கிடப்பதை அந்த ஜன்னல் வழியாக நாம் தினமும் பார்த்தோம். உனக்கு அந்த வாக்கின்மேல்தான் ஆசை. டெஸ்பாட்ச் பிரிவுக்கு யார் பொறுப்பெடுத்துக்கொள்கிறீர்கள், அவர்தான் ‘கீ யூசர்’, முடிந்ததும் சரியாக இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றபோது நீ கையைத் தூக்கினாய்.

அப்புறம் வந்தார்கள் பார், பிள்ளைகள். கல்லூரியை விட்டு இறங்கின சூடு ஆறாத தம்பிகள், கழுத்தில் டை. சிமென்ட் ஆலையை அவர்கள் முதன்முதலாகப் பார்ப்பதே நம்முடையதைத்தான். நம் தலையில்தான் சிரைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் கம்பெனி நம்மிடம் மணிக்கணக்குப் போட்டு வாங்கியது. அந்தத் தம்பிகளைக் குறை சொல்லமாட்டேன், அவர்களும் தூங்காமல் கிடந்தார்கள். ஒருவனுக்கு வேலை பிடிபட்டதும் அவனைத் தூக்கி வேறு ஊரில் போட்டுவிட்டு இங்கே இன்னொரு புதியவனை இறக்குவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். ‘ஒரு ரிசோர்ஸ் போறார், ஒரு ரிசோர்ஸ் வர்றார்.’ மனுஷனைச் சொல்கிற வார்த்தையா அது? நீ வருகிற ஒவ்வொருவனுக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாய். அவர்கள் சாஃப்ட்வேரை அவர்களுக்கு முன்னால் நீ கற்றுக்கொண்டாய். மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே அதன் திரைகளைப்பற்றிப் பேசிக்கொண்டிருப்பாய். “நல்ல சரக்குடி இது. உண்மையா செய்ஞ்சா நல்ல சரக்கு” என்பாய்.

அந்த ‘உண்மையா’ என்ற சொல்லில்தான் எல்லாம் கெட்டது.

கெடு நெருங்கியது. லாரி நிற்கும் நேரம் குறையவேயில்லை. எப்படிக் குறையும்? மூட்டை ஏற்றும் இடம் அதேதான், ஆட்கள் அதே ஆட்கள், எடைமேடை அதே ஒற்றை மேடை. அதில் எதையும் மாற்ற ஜி.எம். காசு கொடுக்கவில்லை. திரையைத்தான் மாற்றியிருந்தார்கள். அப்போது பார்ட்னர் ஒரு யோசனை சொன்னார். எடை, பில், கேட் என்று தனித்தனியாகப் பதிவது வீண் வேலை. பில் அடிக்கும் பொத்தானை அழுத்தினாலே லாரி வெளியே போய்விட்டதாகச் சாஃப்ட்வேர் தானாகப் பதிந்துகொள்ளட்டும். பில்லை லாரி உள்ளே நுழைந்ததுமே அடித்துவிடலாம். ஒரே அழுத்து!

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ கேட்டாய்: “சார், லாரி வெளிய போச்சா?”

“சிஸ்டத்துல போயிடும் மேடம்” என்றார் அவர்.

“சிஸ்டத்துல போவும் சார். கேட்ல போச்சா?”

சிரித்தார்கள். அது ஒரு டிரான்சிஷன் பீரியட் பிரச்சனை, போகப்போகச் சரியாகும் என்றார்கள். ஜி.எம். உன் தோளைத் தட்டி, “பாசிட்டிவா பாரும்மா” என்றார்.

புது சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கும் கோ-லைவ் நாள் வந்தது. சர்வர் ரூம் வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். கேட்டுக்கு எதிரே இருக்கும் பிள்ளையாருக்கு அபிஷேகம். எல்லோரும் ஆரஞ்சு டி-ஷர்ட். நீ சுடிதார் மேலேயே மாட்டிக்கொண்டு வந்தாய், எனக்கும் கட்டாயமாக மாட்டிவிட்டாய். மனசுக்குள் உனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது, எப்படியாவது ஓடிவிடும் என்று. மைசூர்பாகு கொடுத்தார்கள். பெரிய திரையில் வரிசையாகப் பச்சை விளக்கு. உள்ளே வந்த லாரியெல்லாம் வெளியே போய்விட்டது. சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து போன் போட்டு வாழ்த்துச் சொன்னார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு லாரியும் நகரவில்லை.

அதற்கப்புறம் கேட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பதா, துப்புவதா என்று தெரியவில்லை. கேட்டில் செக்யூரிட்டி சின்னதுரை அண்ணன். உள்ளே இருப்பதாகத் திரை காட்டும் லாரியைத்தான் வெளியே விட வேண்டும், மீறினால் வேலை போய்விடும் என்று அவருக்கு உத்தரவு. பாரம் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, முதல் லாரி கேட்டுக்கு வந்தது. அண்ணன் திரையைப் பார்த்தார். அந்த லாரி காலையிலேயே போய்விட்டது.

“ஏப்பா, நீ காலைலயே போயிட்டியேப்பா” என்றார் டிரைவரிடம்.

“என்னண்ணே வெளாட்றீங்க? இந்தா நிக்கறேன்ல?”

“நிக்கற, அது தெரியுது. ஆனா வெளிய போன லாரிய மறுக்கா நான் எப்படி வெளிய விடறது?”

அதற்குள் பின்னால் வரிசை எடைமேடையைத் தாண்டிவிட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டது. தஞ்சாவூர் ஏஜென்ட் போனில் கத்தினார்: “சரக்கு கெளம்பிருச்சுன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுதாம்ல, எங்கங்க லாரி? காத்துல வருதா?” நீ மழையில் ஓடினாய், நான் குடையைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால். போய்ப் பார்த்தால் சின்னதுரை அண்ணன் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். லாரி வெளியேதானே இருக்கிறது, கணக்குப்படி? சரி. அதை இப்போது காலியாக உள்ளே வந்ததாக ஒரு பதிவு போட்டார். அடுத்து, சரக்கு கிடைக்காமல் காலியாகத் திரும்பிப் போனதாக இன்னொரு பதிவு. திரை ஒப்புக்கொண்டது. கேட்டைத் திறந்தார். பாரம் ஏற்றின லாரி காலி லாரியாக, பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை அடித்துவிட்டு, ரோட்டில் ஏறிப் போனது.

“எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாம்மா. வண்டி வூடு போய்ச் சேரணும்ல?” என்றார். அவரைச் சொல்லி என்ன. வேறு என்ன செய்வார் அந்த மனுஷன்?

அந்த வழியிலேதான் எல்லா லாரியும் போனது. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்கப்புறமும் தினமும். லாரி நிற்கும் நேரம் முன்பு இருந்ததைவிட அதிகமாகியது. ஹெட் ஆபீஸ் திரையிலோ, லாரி வந்ததும் போயிற்று. அதோடு இன்னொரு அதிசயத்தையும் அங்கே கண்டார்கள். இத்தனை லாரிகள் நம் ஆலைக்கு வந்து சரக்குக் கிடைக்காமல் காலியாகத் திரும்புகின்றனவே! அப்படியானால் நம் சிமென்ட்டுக்கு என்ன கிராக்கி! ஜி.எம். அதையும் ஒரு படமாகப் போட்டுக் காட்டி, தேவை கூடிவிட்டது என்று பேசினார். அவருக்கு ஒரு விருது கொடுத்தார்கள், கண்ணாடியில். பார்ட்னரும் அவரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்ற போட்டோ இன்னமும் ரிசப்ஷனில் தொங்குகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைத்ததற்குப் பரிசு வாங்கினவர்களை அங்கேதான் பார்த்தேன்.

கையெழுத்து வாங்கக் கூட்டிய அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். மற்ற எல்லாப் பிரிவின் கீ யூசர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். டெஸ்பாட்ச் மட்டும் பாக்கி. நீ போட்டால்தான் கன்சல்டிங் கம்பெனிக்குக் கடைசித் தொகை, ஜி.எம்.முக்குச் சென்னை மாற்றல், பார்ட்னருக்கு அடுத்த ஆலை. ஹாலில் புரொஜெக்டருக்காகத் திரைச்சீலையெல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் நம் லாரி நேரம் விழுந்து விழுந்து கீழே இறங்கும் ஒரு கோடு. உன் முன்னால் தாள், பக்கத்தில் புதுப் பேனா, பெட்டியோடு.

“சார், நீங்க ஒருவாட்டி கேட்டு வரைக்கும் வந்து பாத்துருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, போடறேன்” என்றாய்.

பார்ட்னர் வெளியே சிமென்ட் சேறாய்க் கிடந்ததை நினைத்திருப்பார். தன் ஷூவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “டேட்டா இங்கேயே இருக்கே மேடம். எதுக்குக் கேட்டு?”

நீ எழுந்தாய். தாளை எடுக்கப் போகிறாய் என்று நினைத்தேன். நேரே ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையைச் சர்ரென்று ஒரே இழுப்பு இழுத்தாய். வெயில் உள்ளே கொட்டியது. சுவரில் இருந்த கோடு, எண், ராக்கெட் எல்லாம் வெளுத்துப் போய்விட்டன, ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கேட்டிலிருந்து எடைமேடை வரைக்கும், அதையும் தாண்டி, லாரி. ஒரு டிரைவர் லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் காலைலயே போயிருச்சுங்க சார். போயி எங்க நிக்குது பாருங்க” என்றாய்.

யாரும் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. ஜி.எம். பியூனைப் பார்த்து, “அந்தக் கர்ட்டன மூடு” என்றார். கோடு மறுபடியும் சுவரில் வந்து உட்கார்ந்தது. த்தூ. அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் உண்மை தெரியும். உண்மை தெரிந்த மனிதர்கள் இத்தனை பேர் ஒரே அறையில் ஒரே பொய்யைப் பார்த்துத் தலையாட்டியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. நீ கையெழுத்துப் போடாமல் பேனாவைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வந்துவிட்டாய்.

வெளியே வந்ததும், “ஏண்டி சுமதி, நாந்தான் தப்பா? இது நல்லா வரணும்னுதானடி நானும் கெடந்து செத்தேன்” என்று கேட்டாய். அன்று சாயங்காலம் டி-ஷர்ட்டைக் கொண்டுபோய் ஒரு கிளீனர் பையனிடம் கொடுத்தாய், முன் கண்ணாடி துடைக்க நன்றாக இருக்கும் என்று.

உன்னைத் திட்டவில்லை, வேலையை விட்டு நீக்கவில்லை. அவர்கள் அப்படியெல்லாம் பச்சையாகச் செய்யமாட்டார்கள். ‘மாற்றத்தை ஏற்காத மனநிலை’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். ஊரிலேயே அந்த மாற்றத்துக்காகத் தானாகவே கையைத் தூக்கிய ஆளுக்கு! சென்னையில் ‘பிராசஸ் எக்ஸலன்ஸ்’ என்று ஒரு பிரிவு திறந்து உன்னை அங்கே அனுப்பினார்கள். அங்கே உனக்கு நாற்காலி இருந்தது, வேலை இல்லை. கொஞ்ச நாளில் அந்தப் பிரிவையும் மூடினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே பெயர்த்து வீசிவிட்டார்கள். உன் கையெழுத்து இல்லாமலே ‘நிபந்தனையோடு முடிந்தது’ என்று எழுதி, கடைசித் தொகையும் போய்ச் சேர்ந்தது.

நீ திரும்பி வந்து பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை பிடித்தாய். செட்டிகுளத்து வெங்காயக் கமிஷன் மண்டிக்காரர்களுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தாய். நான் பஸ் மாறும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். கடை முழுக்க வெங்காய வாசனை, அவர்கள் உனக்கு மூட்டையாகவே கொண்டுவந்து போட்டதில். அரியலூரை மாவட்டமாக்கி, அடுத்த வருடமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தார்களே, அந்தச் சமயம் நீ சொன்னது: “ஜில்லாவையே தப்புன்னு ஒத்துக்கிட்டுத் திருப்பிட்டான் பாரு. இவனுங்க ஒரு பட்டனத் திருப்ப மாட்டேங்கறானுங்க.” இந்த மாதம் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆகிவிட்டது, தெரியுமா? பட்டன் அப்படியேதான் இருக்கிறது.

போன வருடம் மாசி மாதத்தில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார்கள். நான் லீவு சொல்லிவிட்டு வருவதற்குள் மீன்சுருட்டிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னத்தான் கேட்டா தாயி” என்றார்கள். அதற்குமேல் அதை என்னால் எழுத முடியவில்லை.

ஆனால் அடுத்த நாள் ஆபீஸுக்கு வந்ததை எழுதியாக வேண்டும். முதல் லாரிக்கு பில் அடித்தேன். அச்சாகி வெளியே வந்த தாளில் அடியில், ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் உன் பெயர்.

விஷயம் எனக்குப் புதிது இல்லை. சாஃப்ட்வேருக்குள் நுழைய ஆளுக்கு ஒரு ஐ.டி. என்றால் ஆளுக்கு ஒரு லைசென்ஸ் வாங்க வேண்டும், அது ஆனை விலை, குதிரை விலை. அதனால் நீ போன பிறகு உன் ஐ.டி.யை மூடாமல் டெஸ்பாட்ச் முழுக்க அதையே பயன்படுத்தச் சொல்லிவிட்டார்கள். நீ எதை மறுத்தாயோ அதை நாங்கள் எல்லோரும் உன் பெயரில் தினமும் செய்துகொண்டிருந்தோம். பழகிப் போயிருந்தது. அன்றைக்குத்தான் அந்தப் பெயர் கண்ணில் குத்தியது. உனக்கு நெருப்பு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ இங்கே பில் அடித்துக்கொண்டிருக்கிறாய். மேலிடத்தில் சொன்னேன், எழுதிப் போட்டேன். ‘லைசென்ஸ் பட்ஜெட்டில் பார்க்கலாம்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது.

இப்போது இன்றைக்கு நடந்தது.

அதே ஹாலில் கூட்டம். புது ஜி.எம்., புது பார்ட்னர், புதுத் தம்பிகள். நம் வேலைமுறையை எல்லாம் ‘படித்து’, கட்டம் கட்டமாக வரைந்து எடுத்துவந்திருந்தார்கள். அதில் ஒரு கட்டம்: பாரம் ஏற்றிய லாரி, காலி லாரியாகப் பதிந்து, கேட்டில் வெளியேறுவது. சின்னதுரை அண்ணன் மழையில் நனைந்துகொண்டு செய்த அந்தத் திருட்டுத்தனம்! அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். “இது உங்க பிளான்ட்டோட பெஸ்ட் பிராக்டீஸ். மத்த பிளான்ட்டுக்கும் இதை எடுத்துட்டுப் போறோம்” என்றார் பார்ட்னர். 

அப்புறம் ஒரு தம்பி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். இந்த வேலைமுறை சரி என்று பிரிவுக்கு ஒருவர் ஒப்ப வேண்டும்; இந்தக் காலத்தில் தாள் இல்லை, கையெழுத்து எல்லாம் திரையிலேயே. “டெஸ்பாட்ச் அப்ரூவல் மட்டும் பெண்டிங் மேடம். இவங்க ஐ.டி.க்குப் போயிருக்கு” என்று உன் பெயரைச் சொன்னான். “இவங்க இன்னிக்கு லீவா?”

“அவ செத்துப் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு தம்பி” என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது, பாவம். புது ஜி.எம். முன்னால் சாய்ந்தார். “ஓ. ரொம்ப சாரிம்மா. எனக்குத் தெரியாது.” பிறகு சொன்னார்: “பாஸ்வேர்ட் உங்க எல்லார்ட்டயும் இருக்குல்ல? நீங்களே அவங்க பேர்ல ஓகே குடுத்துருங்க. அதுக்கப்புறம் ஐ.டி.ய குளோஸ் பண்ணிடலாம்.”

பார்த்தாயா? உயிரோடு இருந்தவரை உன்னிடமிருந்து எடுக்க முடியாத கையெழுத்தை, செத்த பிறகு உன் விரலைப் பிடித்து உருட்டச் சொல்கிறார்கள். அதுவும் என் கையால். ச்சீ! எந்தப் புத்தகத்தில் படிக்கிறார்கள் இந்த மேனேஜ்மென்ட்டை?

கத்தியிருப்பேன். நீ இருந்திருந்தால் ‘லாரி வெளிய போச்சா?’ என்றுதான் கேட்டிருப்பாய், அது என்னைத் தடுத்தது. “கேட்டுக்குப் போயி பாத்துட்டு வந்துடறேன் சார்” என்றேன். நடந்தேன். ராத்திரி பெய்த மழையில் அதே சேறு, அதே வரிசை. திரையில் எல்லாம் போய்விட்டது, கண்ணெதிரே எல்லாம் நிற்கிறது. முன்னால் நின்ற டிரைவரிடம், “எப்பங்க வந்தீங்க?” என்று கேட்டேன். “நேத்தே வந்துட்டேங்க. பில்லு நேத்தே குடுத்துட்டாங்க” என்றார். திரும்பி வந்தேன். சேற்றுச் செருப்போடே ஹாலுக்குள் போனேன், அவர்கள் பார்க்கட்டும் என்று.

உன் ஐ.டி.யைப் போட்டேன். உன் பாஸ்வேர்டைப் போட்டேன். இரண்டு பொத்தான் இருந்தது, ஒன்று ஒப்புதல், ஒன்று மறுப்பு. மறுப்பை அழுத்தினேன். காரணம் என்ன என்று கேட்டு ஒரு கட்டம் திறந்தது. லாரி இன்னும் உள்ளேதான் நிற்கிறது என்று அடித்தேன். உறுதிதானா என்று கேட்டது. உறுதிதான் என்றேன்.

நீ போன பிறகு உன் பெயரில் இந்த ஆலையிலிருந்து போன அத்தனை தாளும் உன்னுடையது இல்லை. இந்த ஒன்றுதான் உன்னுடையது. சென்னைக்குப் போய்விட்டது, இனி யாரும் அழிக்க முடியாது என்று அந்தத் தம்பியே சொன்னான். ஜி.எம். ஏதோ பேச ஆரம்பித்தார். நான் டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கும் ஒரு மனநிலைப் பெயர் வைப்பார்கள், எங்கேயாவது ஒரு நாற்காலி போடுவார்கள். போடட்டும்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டில் சின்னதுரை அண்ணன் நின்றார். தலை நன்றாக நரைத்துவிட்டது அவருக்கு. “என்னம்மா, ஏதோ கையெழுத்துன்னாங்களே, போட்டாச்சா?” என்றார்.

“போட்டாச்சுண்ணே. முடியாதுன்னு போட்டாச்சு.”

“யாரு, நீயா போட்ட?”

“அவ.”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. திரையைத் தொடாமல், ஒன்றும் பதியாமல், அண்ணன் போய் இரண்டு கையாலும் கேட்டைத் தள்ளித் திறந்தார். அந்த லாரி பாரத்தோடு, பார லாரியாகவே வெளியே போனது. ரோட்டில் திரும்பி மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன்.